சாலையோர இலையும் கப்பல் விருந்தும்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் நான்குவழிச் சாலையில், ஏறத்தாழப் பாதித் தொலைவில் அமைந்திருக்கிறது கிளியனூர். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரின் வழியே நாள்தோறும் செல்வோரில் பலர் கடற்கரை காணப் போகும் சுற்றுலாப் பயணிகள். வேறு பலர் நோயாளிகள். கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனை இதே சாலையின் மீது இருப்பதே இதற்குக் காரணம். வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதற்காக விடியுமுன் புறப்பட்டவர்கள், நண்பகல் கடந்து திரும்பும்போது பசியோடு ஏதேனும் ஓர் உணவகத்தின் முன் வண்டியை நிறுத்துகின்றனர். பல குடும்பங்களுக்கு வெளியே சாப்பிடும் நாள் என்பது மருத்துவமனைக்குச் சென்று திரும்பும் நாளாகவே அமைந்துவிடுகிறது.

அந்த மேசையில் நிகழ்வது பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். பிள்ளைகள் பரோட்டாவும் சால்னாவும் கேட்பார்கள். உடன் வந்தவர் பிரியாணி கேட்பார். யாருக்காக இந்தப் பயணமோ அவர் மட்டும், "எனக்கு ஒன்றும் வேண்டாம், வெளியே ஓர் இளநீர் வாங்கிக் கொடுங்கள், அதுவே போதும்" என்பார். குடும்பத்தாரும் அதை ஏற்றுக்கொள்வர். இளநீரைவிடத் தீங்கற்றது வேறென்ன இருக்க முடியும் என்பது அவர்கள் எண்ணம். நோயுற்றவரைக் காண வருபவர் கையில் இளநீரோடு வருவது நம் ஊர் வழக்கமும் அல்லவா?

அந்த நோயாளி டயாலிசிஸ் செய்துகொள்பவராக இருந்தால், அம்மேசையில் உள்ளவற்றுள் அவருக்கு மிகுந்த ஆபத்தை விளைவிக்கக்கூடியது அந்த இளநீரே. நடுத்தர அளவுள்ள ஓர் இளநீரில் அரை கிராமுக்கும் மேற்பட்ட பொட்டாசியம் உண்டு. சிறுநீரகம் நன்கு இயங்குபவருக்கு அது நன்மையே. மிகுதியானது சிறுநீரில் வெளியேறிவிடும். சிறுநீரகம் செயலிழந்தவரின் உடலில் அதற்கு வெளியேறும் வழி இல்லை. இரத்தத்தில் அதன் அளவு கூடும்போது பெரும்பாலும் வலியோ காய்ச்சலோ தோன்றுவதில்லை. கால்கள் தளர்வதுபோல் இருக்கலாம்; அதுவும் இல்லாமலே இதயத் துடிப்பு ஒழுங்கு தவறி நின்றுவிடக்கூடும். பரோட்டா ஒன்றைத் தின்றிருந்தால் அன்று மாலை வயிறு கனத்திருக்கும், அவ்வளவே.

பரோட்டாவை இங்கே பரிந்துரைக்கவில்லை. "வெளியே சாப்பிடலாமா?" என்று மருத்துவரிடம் கேட்டு, "வேண்டாம்" என்ற ஒரு சொல்லைப் பெற்றுக்கொண்டு திரும்புவதால் நோயாளிக்குப் பயன் குறைவு என்பதே சொல்ல வந்தது. எது யாருக்கு ஆகாது என்பது நோய்க்கு நோய் மாறும். அதை அறிந்தவர் உணவகத்திலும் உண்ணலாம், கப்பலிலும் உண்ணலாம். அறியாதவருக்கு இளநீரும் பகையாகலாம்.

கப்பல் என்று சொல்வது வேடிக்கைக்காக அன்று. அண்மை ஆண்டுகளில் இக்கேள்வி உண்மையாகவே கேட்கப்படுகிறது. அறுபதாம் கல்யாணம் முடிந்த பெற்றோருக்குச் சென்னையிலோ வெளிநாட்டிலோ பணிபுரியும் பிள்ளைகள் கப்பல் பயணச் சீட்டு எடுத்துத் தருகின்றனர். 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' என்னும் சொகுசுக் கப்பலின் பயணத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். அக்கப்பல் புதுச்சேரிக்கும் வருவதாக இருந்தது. சூதாட்ட வசதி குறித்த எதிர்ப்பு எழுந்ததால் அந்த ஆண்டு அனுமதி கிடைக்கவில்லை; 2025 ஜூலையில்தான் சொகுசுக் கப்பல் புதுச்சேரிக் கடலில் நங்கூரமிட்டது. இடையில் 2023 ஜூன் மாதம் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கும் பயணம் தொடங்கிற்று. ஏறத்தாழ 1,800 பயணிகள் செல்லக்கூடிய கப்பல் அது. 1990-இல் பிரான்ஸ் நாட்டில் கட்டப்பட்டது. கிளியனூரிலிருந்து சுமார் மூன்று மணி நேரப் பயணத்தில் அதன் படியில் ஏறிவிடலாம். எனவே கிளியனூரின் சர்க்கரை நோயாளி ஒருவர் அடுத்த மாதம் திருகோணமலைக் கடற்கரையில் நிற்பது இன்று கற்பனை அன்று.

சமைப்பவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார்?

சாலையோர உணவகத்துக்கும் சொகுசுக் கப்பலுக்கும் உள்ள பெரிய வேறுபாடாக எனக்குத் தோன்றுவது விலையோ விளக்கு வெளிச்சமோ அன்று. உணவகத்தில் தோசைக்கல்லின் முன் நிற்பவர் பத்தடி தொலைவில் இருக்கிறார். "அண்ணே, ஒரு தோசை எண்ணெய் இல்லாமல், சாம்பாரைத் தனியாகக் கிண்ணத்தில் கொடுங்கள்" என்று அவரிடமே சொல்லலாம். நோயாளிக்கு என்று சொன்னால் மறுப்பவர் அரிது. சொல்லக் கூச்சப்படுவோரே மிகுதி. கப்பலில் சமைப்பவரை நாம் காண்பதே இல்லை. ஆனால் அங்கே பஃபே முறையில் பல வகை உணவு வைக்கப்பட்டிருக்கும். எதை எடுப்பது, எதை விடுவது என்பது முழுவதும் நம் கையில். அங்கே கேட்க வேண்டியதைப் பயணத்துக்கு முன்பே, சீட்டுப் பதிவு செய்யும்போதே எழுத்து வடிவில் கேட்டுவிட வேண்டும். உப்புக் குறைந்த உணவு, சர்க்கரை நோயாளிக்குரிய உணவு என்று முன்கூட்டித் தெரிவித்தால் ஏற்பாடு செய்யும் கப்பல்கள் உண்டு. ஏறிய பின் கேட்டால் கிடைப்பது அரிது.

உப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மரக்காணத்து உப்பளங்கள் கிளியனூரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. உப்பின் அருமை அறிந்த வட்டாரம் இது. அதனால்தானோ என்னவோ நம் நாவுக்கும் உப்புச் சற்று மிகுதியாகவே வேண்டியிருக்கிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தலைதட்டிய தேக்கரண்டி ஒன்றின் அளவு அது. இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் இவ்வளவை மூன்று வேளைக்கும் பகிர்ந்துகொள்ள வேண்டும். உணவக மேசையில் உப்பு, உப்புக் கிண்ணத்தில் மட்டும் இருப்பதில்லை. ஊறுகாயில் இருக்கிறது, கருவாட்டில் இருக்கிறது, அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்ந்திருக்கிறது. போண்டா, பஜ்ஜியில் சேரும் ஆப்ப சோடா நாவுக்கு உவர்ப்பாகத் தெரியாது. ஆயினும் அதிலும் சோடியம் உண்டு. ஆதலால் ஓர் இலைச் சாப்பாட்டில் அப்பளத்தையும் ஊறுகாயையும் தொடாமல் விட்டு, குழம்பைச் சோற்றின் மீது ஊற்றாமல் ஓரத்தில் வைத்துத் தொட்டு உண்டாலே கணிசமான உப்பு மிச்சமாகும். சோற்றை ரசத்தில் மிதக்கவிடுவது நம் பழக்கம். நோயாளி அதை வீட்டுக்கு ஒத்திவைக்கலாம்.

இந்துப்பு நல்லது என்று நம்பி அதைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு பயணம் வருவோரும் உளர். அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடே. கடலுப்புக்குச் சொன்ன கட்டுப்பாடு அதற்கும் பொருந்தும். சோடியம் குறைந்த உப்பு என விற்கப்படுபவை பலவற்றில் பொட்டாசியம் சேர்க்கப்படுகிறது. சிறுநீரக நோயாளிக்கு அது இளநீர்க் கதைதான்.

திண்டிவனம் வட்டாரத்தின் கோடைக்காலத்தை அறிந்தவர்கள் சாலையோரத்துத் தர்ப்பூசணிக் குவியல்களையும் நுங்குக் குலைகளையும் மறக்கமாட்டார்கள். நலமாக இருப்பவருக்கு இவற்றைவிட இனிய உணவு வேறில்லை. நீர் அருந்தும் அளவு வரையறுக்கப்பட்டவர் மட்டும், ஒரு கீற்றுத் தர்ப்பூசணியையும் நீர்க்கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெட்டி வைத்த கீற்றை வாங்காமல், முழுப் பழத்தைக் கண்முன்னே வெட்டச் சொல்லி வாங்குவது எல்லோருக்கும் நல்லது.

சூடும் நேரமும்

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், நீண்ட நாட்களாக ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள் ஆகியோருக்கு உப்பைக் காட்டிலும் கிருமியே முதன்மையான கவலை. சமைத்த உணவு 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிடக்கும்போது கிருமிகள் விரைந்து பெருகுகின்றன. நம் ஊரின் அறை வெப்பம் ஆண்டு முழுவதும் இந்த எல்லைக்குள்ளேதான் இருக்கிறது. சமைத்த சோற்றை அப்படியே வைத்திருந்து மாலையில் வறுத்து 'ஃப்ரைடு ரைஸ்' ஆக்கும்போது, கிருமி இறந்தாலும் அது விட்டுச்சென்ற நஞ்சு அழிவதில்லை. கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தார்களே, எப்படி வாந்தி வந்தது என்று வியப்பவர்களுக்கு இதுவே விடை.

ஆவி பறக்க எடுத்து வைக்கும் இட்லிக்கு இணையான வெளியுணவு வேறில்லை என்பது என் கருத்து. முழுவதும் வெந்தது; எண்ணெய் இல்லாதது; உடனே உண்ணப்படுவது. ஆனால் அதன் பக்கத்தில் வரும் தேங்காய்ச் சட்னி வேகாதது. காலை ஆறு மணிக்கு அரைத்தது பதினொரு மணிக்கும் அதே பாத்திரத்தில் இருக்கக்கூடும். எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் சட்னியை விடுத்துச் சூடான சாம்பாரைத் தொட்டுக்கொள்வது நன்று. பச்சை வெங்காயத் தயிர்ப்பச்சடியும் அவ்வாறே. பச்சை முட்டையில் செய்யும் மயோனைசைத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது. கிருமி பரவும் அச்சமே அதற்குக் காரணம். தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மேற்சொன்ன நோயாளிகள் அதைத் தொடாதிருப்பதே நலம்.

கப்பல் பஃபேயிலும் இதே கண்கொண்டு பார்க்க வேண்டும். அடியில் சூடேற்றும் விளக்கோ வெந்நீர்த் தட்டோ இருக்கிறதா, பாத்திரம் புதிதாக நிரப்பப்பட்டதா என்று கவனித்து, பந்தி தொடங்கும் வேளையிலேயே செல்வது நல்லது. கப்பலுக்கே உரிய மற்றொரு தொல்லை நோரோ வைரசு. கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் இது, பலர் நெருங்கி வாழும் இடங்களில் விரைந்து பரவும். ஒரே கரண்டியைப் பலர் தொட்டெடுக்கும் பஃபே அதற்கு வசதியான இடம். வாயிலில் வைத்திருக்கும் கைத்தூய்மித் திரவம் இந்த வைரசை நன்கு அழிப்பதில்லை. சோப்பும் நீரும் கொண்டு கழுவுவதே உரிய வழி. இலையில் அமர்வதற்கு முன் கைகழுவும் நம் முன்னோரின் வழக்கத்தைப் பன்னாட்டுக் கப்பலிலும் விடாமல் கைக்கொள்ளுங்கள்.

ஊசிபோட்டுக் காத்திருக்கும் நேரம்

சர்க்கரை நோயாளிகளுக்கு வெளியுணவில் வரும் பெரும் இடர் இனிப்பு என்றே பலரும் கருதுகின்றனர். அதற்கு நிகரான இடர் ஒன்று உண்டு, அது காலத்தாழ்வு. வீட்டில் ஊசி போட்டவுடன் தட்டு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் நெடுஞ்சாலை உணவகத்தில் இடம் கிடைக்கவே அரை மணி ஆகலாம். வண்டியிலேயே இன்சுலின் போட்டுக்கொண்டு உள்ளே வந்தவருக்கு, சர்வர் வருவதற்குள் கை நடுங்கி வியர்த்துப்போகும். உணவு மேசைக்கு வந்ததைக் கண்ணால் கண்ட பிறகே உணவுக்கு முந்தைய ஊசியைப் போடலாமா என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கம், வியர்வை, படபடப்பு தோன்றினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்தும் சரியாகாவிடில் மீண்டும் அதே அளவு. நினைவு தடுமாறுபவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வெறும் வயிற்றில் மது அருந்தினால் இந்தத் தாழ்சர்க்கரை மேலும் ஆழமாகும். புதுச்சேரிச் சாலையில் இதைச் சொல்லாமல் கடப்பது சரியன்று.

இன்னொன்று, நாம் அடிக்கடி காண்பது. குடும்பம் உள்ளே உண்டுகொண்டிருக்கும்போது இன்சுலின் பை வெயிலில் நிற்கும் காரில் கிடக்கும். அடைபட்ட காரினுள் வெப்பம் விரைவில் ஏறிவிடும், மருந்து கெடும், பார்வைக்கு மாற்றம் எதுவும் தெரியாமலும் இருக்கும். இரண்டு நாட்கள் கழித்துச் சர்க்கரை ஏறிவிட்டதே என்று பிரியாணியைக் குறை கூறுவார்கள். பையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

நீர் பிரியும் மாத்திரையும் டயாலிசிஸ் நாளும்

இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் பயண நாளில் நீர் பிரியும் மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்திவிடுகின்றனர். குறிப்பாகப் பெண்கள். வழியில் கழிப்பறை இருக்குமோ இராதோ, இருந்தாலும் நுழையும்படி இருக்குமோ என்ற அச்சமே காரணம். அந்த அச்சம் நியாயமானது; நம் சாலைகளின் குறை அது. ஆனால் மாத்திரையை விட்டுவிட்டு அன்றே உப்பு மிகுந்த உணவையும் உண்டால், நள்ளிரவில் மூச்சுத் திணறலோடு எழ நேரிடும். மாத்திரையைக் கைவிட வேண்டியதில்லை. நேரத்தை மாற்றிக்கொள்ள இயலும். ஊர் போய்ச் சேர்ந்த பின் எடுக்கலாமா என்று முன்னாளில் கேட்டால் மருத்துவரே வழி சொல்வார்.

டயாலிசிஸ் செய்துகொள்வோரின் நிலை வேறு. வாரத்தில் மூன்று முறை இயந்திரத்துடன் இணைந்திருக்க வேண்டியவர் ஐந்து இரவுப் பயணத்தில் ஒரு முறையாவது தவறவிட நேரும். வெளிநாட்டுக் கப்பல்கள் சிலவற்றில் டயாலிசிஸ் வசதி செய்து தரப்படுகிறது. எந்தப் பயணத்தில் உண்டு என்பதை எழுத்தில் உறுதி செய்துகொள்ளாமல் ஏறலாகாது. அதுவரை இரு டயாலிசிசுகளுக்கு இடைப்பட்ட நாளில் ஒரு பகல் பயணமாகப் புதுச்சேரிக் கடற்கரை வரை சென்று திரும்புவது அவருக்கு இயலக்கூடியதே. அன்று வழியில் இளநீரை மட்டும் தவிர்க்கட்டும். இலங்கைக்கோ கேரளத்துக்கோ செல்லும் சிறுநீரக நோயாளிகள் மேலும் ஒன்றைக் கருத வேண்டும்: ஐந்து முனை கொண்ட நட்சத்திரப் பழம். தம்பரத்தம் பழம் என்றும் இதற்குப் பெயர் உண்டு. சாறாகவும் தருவார்கள். அதிலுள்ள நஞ்சைச் செயலிழந்த சிறுநீரகம் வெளியேற்ற இயலாது. ஓயாத விக்கலில் தொடங்கி மனக்குழப்பம், வலிப்பு என முற்றி உயிரையே பறித்ததுண்டு. சிறிதளவும் கூடாது. இலங்கையின் செவ்விளநீருக்கும் முன்சொன்ன எச்சரிக்கை பொருந்தும்.

கடல் மயக்கம் நோயாளிகளை மட்டும் பிடிப்பதன்று. பெரிய கப்பலில் ஆட்டம் குறைவு. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் தொடங்கிய சிறு கப்பல் போக்குவரத்தில் சில மணி நேரமே பயணம் எனினும் ஆட்டம் மிகுதியாகத் தெரியும். சென்னையிலிருந்து அந்தமானுக்குச் செல்லும் அரசுக் கப்பல்கள் ஏறத்தாழ மூன்று நாட்கள் கடலில் இருக்கும். நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேட்டுப் பெறுவதும், தொடுவானத்தை நோக்கி அமர்வதும், வயிறு புடைக்க உண்ணாதிருப்பதும் உதவும். கடைகளில் கிடைக்கும் வாந்தி தடுப்பு மாத்திரைகள் எல்லோருக்கும் ஏற்றவை அல்ல. புராஸ்டேட் வீக்கம் உள்ள முதியவருக்குச் சில மாத்திரைகளால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். கண் அழுத்த நோய், நடுக்குவாதம் உள்ளோரும் கேட்டே உட்கொள்ள வேண்டும்.

கப்பலில் மருத்துவர் இருப்பார் என்று நம்பிச் செல்வோர் ஒன்றை விசாரிப்பது நல்லது. நூறு பேருக்கும் மேல் ஏற்றிக்கொண்டு மூன்று நாட்களுக்கு மேற்பட்ட பன்னாட்டுப் பயணம் செல்லும் கப்பலில் தகுதிபெற்ற மருத்துவர் இருத்தல் வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் விதி. இரண்டு இரவு கடலில் சுற்றித் திரும்பும் பயணத்துக்கு அவ்விதி பொருந்தாது. பெரிய சொகுசுக் கப்பல்களில் மருத்துவ அறை இருப்பது வழக்கமே எனினும் அங்கே கட்டணம் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை அங்கே பயன்படாது. பயணக் காப்பீடு எடுப்போர் ஏற்கெனவே உள்ள நோய்களை மறைக்காமல் குறிப்பிட வேண்டும். மறைத்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். கருவுற்றோர் 24 வாரம் நிறைந்த பின் பயணம் செய்யப் பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் இசைவதில்லை.

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னதாக வெளிநோயாளர் பிரிவுக்கு வாருங்கள். நோயின் பெயர், மருந்துகளின் பொதுப்பெயர், அளவு, அண்மைப் பரிசோதனை முடிவுகள், ஒவ்வாமை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள். வெளிநாட்டு மருத்துவருக்கும் விளங்க அத்தாள் ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஊசி எடுத்துச் செல்வோருக்குத் துறைமுகச் சோதனையிலும் அது உதவும். மருந்துகளைப் பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்து, இரண்டாகப் பிரித்துத் தனித்தனிப் பைகளில் வையுங்கள். பெரிய பெட்டியைக் கப்பல் பணியாளர்கள் வாங்கிக்கொண்டு அறைக்கு அனுப்பச் சில மணி நேரம் ஆகலாம். நண்பகல் மாத்திரை அந்தப் பெட்டிக்குள் போய்விடக் கூடாது.